கெப்பாசிட்டரை மாற்றச் சொல்பவர்களிடம்

பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் (மோட்டாரே நேராகச் சுழற்றும் இசைத்தட்டு மெஷின்) ஒன்றை வாங்கிய எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடும்: "ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடு." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மின்னைத் தேக்கி வைக்கும், உள்ளே திரவம் ஊறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் நாற்பது வருடம் தாண்டினால் காய்ந்துபோயிருக்கும், அது போகும்போது மோட்டாரை ஓட்டும் சிப்பான ஐசியையும் சேர்த்துக்கொண்டு போய்விடும், அந்த ஐசி இன்று புதிதாகக் கிடைக்காது. இதில் ஒவ்வொரு படியும் நடக்கக்கூடியதுதான். ஆனாலும் இந்த அறிவுரை என் மனதில் முழுசாக உட்காரவே இல்லை. பல வருடங்களாக இதைப் பற்றி நண்பர்களோடு பேசியும் வாதாடியும் வந்திருக்கிறேன். இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

உட்காராததற்குக் காரணம் நான் பார்த்த மெஷின்கள். ஓடாத நிலையில் என் கைக்கு வந்தவற்றில், வயதால் மட்டும் நின்றுபோனவை குறைவு. பெரும்பாலானவற்றை எனக்கு முன்பே யாரோ திறந்திருந்தார்கள். அந்தக் காலத்து போர்டுகளில் பல, ஒரு பக்கம் மட்டும் செம்பு ஓடும் பழுப்பு நிற போர்டுகள். சாலிடரிங் அயர்ன் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் செம்புத் தடம் போர்டை விட்டுத் தனியாக எழுந்து வந்துவிடும். அப்படி எழுந்த தடத்தின் மேல் கம்பி வைத்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். பிளஸ் மைனஸ் மாறிப் பொருத்திய கெப்பாசிட்டரைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் சரிப்படுத்தி வண்ணப் பசை வைத்துப் பூட்டிய பிரீசெட்டுகளை (போர்டில் இருக்கும் சிறு திருகு குமிழ்கள்) ஸ்க்ரூடிரைவரால் திருகி, பசை உடைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த பிரீசெட் எந்த இடத்தில் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அந்த மெஷின்களில் புதிய கெப்பாசிட்டர்கள் பளபளவென்று நின்றுகொண்டிருந்தன. வேலை முடிந்துவிட்டது, மெஷின் மட்டும் ஓடவில்லை.

இதனால் கெப்பாசிட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு மாலைநேரத்தில், இசைத்தட்டு உட்காரும் பிளாட்டரின் ஓரத்தில் ஓடும் புள்ளிகளிலிருந்து.

மாலையில் மட்டும் நகர்ந்த புள்ளிகள்

என்னிடம் இருக்கும் குவார்ட்ஸ் டர்ன்டேபிள்களில் ஒன்றில், பிளாட்டர் ஓரத்துப் புள்ளிகள் மேல் ஒரு சிறிய நியான் விளக்கு வெளிச்சம் போடும். வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பகலில் அப்படித்தான் நின்றன. மாலை ஆனதும் மெல்ல முன்பக்கமாக ஊர ஆரம்பித்தன. துடிப்பு கிடையாது, தடுமாற்றம் கிடையாது. ஒரே திசையில், ஒரே சீராக, ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி அளவுக்கு ஒரு ஊர்வு. பார்த்த நண்பர், வேகத்தைக் கவனித்து மோட்டாரைத் திருத்தும் சர்வோ சுற்றின் மேல் பழியைப் போட்டு, உடனே சொன்னார்: "சர்வோ தளர்ந்துபோச்சு. பவர் சப்ளை கெப்பாசிட்டர்தான், மாத்திடு. இல்லேன்னா அந்த பிரீசெட்டையாவது கொஞ்சம் திருப்பிவிடு, நின்னுடும்."

நான் திருப்பவில்லை. குவார்ட்ஸ் மெஷினின் இயல்புக்கு அந்த ஊர்வு பொருந்தவில்லை என்பதுதான் காரணம். குவார்ட்ஸ் பூட்டு என்பது ஒரு படிகத்தின் அதிர்வையும் பிளாட்டர் சுழலும் கணக்கையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் அமைப்பு. பூட்டு பிடித்திருக்கும்வரை சராசரி வேகம் படிகம் சொல்வதுதான். பூட்டு விட்டுப்போனால் வேகம் கண்ணுக்குத் தெரிய எகிறும், அல்லது முன்னும் பின்னுமாக ஆடும். பூட்டும் இருந்து, நிதானமாக ஒரு பக்கமாக மட்டும் ஊர்வதும் இருந்தால், ஊர்வது பிளாட்டராக இருக்க வழியில்லை. அப்போது மிச்சம் இருப்பது ஒன்றுதான், விளக்கு.

பக்கத்து அலமாரியில் இன்னொரு டர்ன்டேபிள் இருந்தது. வேறு கம்பெனி, வேறு வருடம், குவார்ட்ஸே இல்லாத சாதாரண சர்வோ. அதற்கும் மின்இணைப்பிலிருந்து நேராக எரியும் நியான் விளக்குதான். அதன் வேகக் குமிழைப் பகலில் புள்ளிகள் நிற்கும்படி வைத்திருந்தேன். மாலையில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். இரண்டிலும் புள்ளிகள் முன்பக்கமாக ஊர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து முதல் மெஷினில் ஊர்வு மட்டுப்பட்டது, இரண்டாவதிலும் மட்டுப்பட்டது. மறுபடி வேகம் பிடித்தது, அங்கேயும் அதே நேரத்தில் பிடித்தது. ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பே இல்லாத இரண்டு மோட்டார்கள், இரண்டு போர்டுகள், இரண்டு தலைமுறைக் கெப்பாசிட்டர்கள். இவை இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே அளவில் பழுதாகாது. பொதுவாக இருந்தது சுவரிலிருந்து வரும் மின்சாரம் மட்டும்தான்.

கணக்கு எளிமையானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகும். அதனால்தான் 50 ஹெர்ட்ஸுக்கான வரிசையில் 180 புள்ளிகள் இருக்கின்றன. 60 ஹெர்ட்ஸ் வரிசையில் 216. ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு புள்ளி அடுத்த புள்ளியின் இடத்துக்கு வந்து நிற்கும், கண் ஏமாந்து எல்லாம் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளும். மின்தேவை கூடும் நேரத்தில் மின்சாரத்தின் அதிர்வெண் 49.9 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு நொடிக்கு 99.8 முறைதான் மின்னும். இரண்டு மின்னலுக்கு நடுவில் பிளாட்டர் ஒரு புள்ளி தூரத்தைவிடத் துளி அதிகமாகப் போய்விடும். ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி முன்னே ஊரும். நான் பார்த்தது அதேதான்.

சரி, இதுவும் ஊகமாக இருக்கக்கூடாதே என்று 3150 ஹெர்ட்ஸ் சுரம் பதிந்த சோதனைத் தட்டை எடுத்துப் போட்டேன். போனில் அதிர்வெண் அளக்கும் செயலி. போனுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, அது சுவரில் வரும் மின்சாரத்தைக் கேட்டு நடப்பதில்லை. பிளாட்டர் உண்மையிலேயே புள்ளிகள் காட்டிய அளவுக்கு வேகமாக ஓடியிருந்தால் சுரம் ஆறு ஹெர்ட்ஸ் மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் சராசரி 3150-இலேயே நின்றது.

அன்றைக்கு அந்த பிரீசெட்டைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்கு இந்த ஊர்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. புள்ளிகள் நின்றிருக்கப் போவதில்லை. நிற்கவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பத் தோன்றியிருக்கும். கடைசியில் ஒழுங்காகப் பிடித்திருந்த பூட்டும் விட்டுப்போயிருக்கும். ஓடாத நிலையில் என்னிடம் வந்த சில மெஷின்களின் உடைந்த பசைக்குப் பின்னால் இப்படி ஒரு மாலைநேரம் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

எல்லா மெஷினிலும் இந்தச் சிக்கல் வராது. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2-இல் புள்ளிகளுக்கு வெளிச்சம் தரும் விளக்கும் உள்ளே இருக்கும் குவார்ட்ஸின் கணக்கில்தான் மின்னுகிறது. மின்சாரம் எப்படி ஆடினாலும் புள்ளிகள் நிற்கும். அதில் வேறொரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே கடிகாரம் என்பதால், புள்ளிகள் நிற்பது பூட்டு பிடித்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டுமென்றால் சோதனைத் தட்டுதான்.

எதற்கு உண்மையில் வயதாகிறது

அப்புறம் எதில்தான் கை வைப்பது? முதலில் எண்ணெய். மோட்டார் அச்சு நொடிக்கு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலாக மட்டுமே சுழல்கிறது, தேய்மானம் மிகக் குறைவு. 2000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும் என்பது டெக்னிக்ஸ் கையேட்டின் கணக்கு. தினமும் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு இது ஐந்து வருடத்துக்கும் மேல். ஆனால் இருபது வருடம் அலமாரியில் கிடந்த மெஷினில் பழைய எண்ணெய் பசையாக மாறியிருக்கும். அதன் மேலேயே புது எண்ணெயை விடுவதைவிட, பிரிக்கக்கூடிய பேரிங்காக இருந்தால் துடைத்துவிட்டு விடுவது நல்லது. அதிகமாக விட்டால் வழிந்து மோட்டாரின் கம்பிச் சுருள் மேல் இறங்கும், அதுவும் வேண்டாம்.

அடுத்தது தொடர்புகள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான். 33, 45 பொத்தான்களின் உள்ளே கறுத்துப்போன தகடு, வேகக் குமிழுக்குள் படிந்த ஆக்சைடு, போர்டிலிருந்து போர்டுக்குப் போகும் இணைப்பானின் காலில் முடி போல விரிசல் ஓடும் ட்ரை சாலிடர் (பிடிப்பு விட்ட ஒட்டு). குவார்ட்ஸ் இல்லாத என்னுடைய அந்த இரண்டாவது டர்ன்டேபிளில் பின்னாளில் உண்மையான வேகப் பழுது ஒன்று வந்தது. ஊர்வு கிடையாது, திடீர் திடீரென்று ஒரு துள்ளல். போன் செயலியின் கோட்டில் அது பல் மாதிரி நின்றது. குமிழைத் தொட்டால் கூடியது, விட்டால் குறைந்தது. தொடர்பு சுத்தம் செய்யும் திரவம் ஒரு துளி விட்டு, குமிழை முழுவீச்சில் முன்னும் பின்னும் சில நிமிடம் திருப்பியதோடு தீர்ந்தது. சாலிடரிங் அயர்னைச் சூடாக்க வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டு அறிகுறிகளுக்கும் "கெப்பாசிட்டரை மாத்திடு" என்ற ஒரே மருந்துதான் சொல்லப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.

கெப்பாசிட்டருக்கும் வருகிறேன். பவர் சப்ளையில் சூடாகும் பாகங்களின் பக்கத்தில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்களை நானும் சந்தேகப்படுகிறேன். 10 டிகிரி வெப்பம் கூடினால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு, அது இங்கே செல்லும். மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து, சப்ளையின் வெளியீட்டில் எவ்வளவு ஏசி சிற்றலை மிச்சமிருக்கிறது என்று பார்ப்பேன். சர்வீஸ் மேனுவல் சொல்லும் வோல்டேஜ் சொல்லும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அந்த ஒரு கெப்பாசிட்டர், அல்லது அந்த ஒரு பகுதி. வீங்கியிருந்தாலோ அடியில் ஈரம் கசிந்திருந்தாலோ அளக்கவும் தேவையில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் சர்வோ பகுதியில் நேரத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் பிலிம் வகைக் (பிளாஸ்டிக் படலத்தால் ஆன) கெப்பாசிட்டர் இருந்தால் அதை நான் தொடுவதில்லை. அவற்றுக்கு வயது அவ்வளவாக ஏறுவதில்லை. மாற்றினால் அதோடு சேர்ந்து எல்லாச் சரிப்படுத்தலையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மெஷினுக்கு மெஷின் பலவீனம் வேறு என்பதையும் மறந்துவிடுகிறோம். எஸ்எல்-1200 மார்க் 2-இல் மோட்டாரின் காந்தம் பிளாட்டரின் அடியிலேயே இருக்கிறது. பிளாட்டரைக் கழற்றிக் கீழே வைத்தால் கிடக்கும் திருகாணி, ஊசி எல்லாவற்றையும் அது இழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே திரும்ப மாட்டினால் உராயும் சத்தம் வரும், மோட்டார் போய்விட்டது என்று பயந்துவிடுவோம். டெனான் டிபி வரிசையின் பல மாடல்களில் பிளாட்டரின் உள்விளிம்பில் காந்தப் பூச்சு ஒன்று இருக்கிறது. டேப் ரெக்கார்டரைப் போலவே ஒரு சின்ன ஹெட் அதிலுள்ள துடிப்புகளைப் படித்து வேகத்தைச் சொல்லும். அந்த ஹெட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. பிளாட்டரைக் கோணலாக இறக்கி ஹெட்டில் இடித்தாலும், வலுவான காந்தத்தை விளிம்புக்கு அருகே கொண்டுபோனாலும், புதிய கெப்பாசிட்டர் எதுவும் காப்பாற்றாது.

வேகம் என்று எதைச் சொல்கிறோம்

பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு பட்டையால் பிளாட்டரைச் சுழற்றும் வகை) பிடித்தவர்களோடு நடக்கும் வாதத்துக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. சர்வோ ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் இசையில் பதற்றம் ஏறுகிறது என்கிறார்கள். நான் கேட்ட நல்ல மெஷின்களில் அதை உணர்ந்ததில்லை. 1970-இல் விற்பனைக்கு வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10-தான் முதல் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள். 1975-இன் எஸ்பி-10 மார்க் 2 கால் நொடியில் முழு வேகத்தைப் பிடித்தது. அந்த வேகம் ஒலிபரப்பு நிலையங்களுக்குத் தேவைப்பட்டது, பிறகு டிஜேக்களுக்கு எஸ்எல்-1200 தேவைப்பட்டது. டிஜே மெஷின் என்ற பெயர் வந்ததாலேயே, வீட்டில் கேட்பதற்கு அது மட்டம் என்ற எண்ணமும் பலரிடம் ஒட்டிக்கொண்டது. அது நியாயமே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எஸ்எல்-1200 மார்க் 2-இன் வாவ்-ஃப்ளட்டர் (வேகத்தின் சிறு ஏற்ற இறக்கம்) அளவு 0.025 சதவீதம். இப்போது ஓர் இசைத்தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் தடத்தில், ஊசிக்கு அடியில் ஓடும் வேகம் ஒவ்வொரு சுற்றுக்கும் அரை சதவீதம் கூடி அரை சதவீதம் குறையும். உள்ளே போகப் போக இன்னும் மோசம், 60 மில்லிமீட்டரில் அது 0.8 சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டும் வேறு வேறு முறையில் அளக்கப்படுபவை, நேருக்கு நேர் வைக்கக்கூடாதுதான். இருந்தாலும் எது பெரிது என்பதில் சந்தேகமே இல்லை. நீண்டு நிற்கும் தம்புரா சுருதியோ, பியானோவின் கடைசிச் சுரமோ 1.8 நொடிக்கு ஒருமுறை சாய்ந்து எழுவதைக் கேட்டால், மோட்டாரைத் திறப்பதற்கு முன், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது இடமும் வலமுமாக ஆடினால் குற்றம் தட்டின் துளையில். நாகமிச்சி 1981 வாக்கில் கொண்டுவந்த டிஎக்ஸ்-1000 இதைத் தீர்ப்பதற்காகவே தட்டை நகர்த்தி மையம் தேடும் அமைப்போடு வந்தது. அதுவும் டைரக்ட் டிரைவ்தான். சோதனைத் தட்டுக்கும் இந்தக் குறை வரும் என்பதால்தான் செயலியில் கணத்துக்குக் கணம் ஆடும் எண்ணை விட்டுவிட்டு, பல சுற்றுகளின் சராசரியை எடுக்கிறேன்.

கிடைக்காத ஐசி

கெப்பாசிட்டர் பேச்சில் இருக்கும் உண்மையான பயம் ஐசி. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். மோட்டாருக்காகவே தனியாக வார்க்கப்பட்ட சிப்கள் அவை, தயாரிப்பு நின்று பல காலமாகிறது. எஸ்எல்-1200 வரிசையே 2010-இல் நின்று, 2016-இல் முற்றிலும் புதிய மோட்டாரோடு திரும்பி வந்தது. அந்தப் புது மோட்டாரின் பாகங்கள் பழையதற்கு உதவாது. பழைய ஐசிக்கு வழி, இன்னொரு பழைய மெஷின்தான்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. பலர் தங்கள் மெஷினைக் காப்பாற்ற அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, பிரித்து, பாகங்களை டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உதிரிக்காகப் பிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாடல்களில் எண்ணிக்கை இனிக் குறையத்தான் செய்யும். அதனால் உதிரிக்காக நான் தேடுவது டோன்ஆர்ம் முறிந்தது, மூடி உடைந்தது, ஊசி பொருந்தும் ஹெட்ஷெல் மாட்டும் கழுத்து வளைந்தது, இப்படித் தனியாகச் சரிசெய்தால் கட்டுப்படியாகாதவை. அவற்றில் மோட்டாரும் போர்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போர்டிலிருந்து ஐசியைக் கழற்றி எடுத்து வைப்பதில்லை, கழற்றும் சூட்டிலேயே அது போய்விடலாம். முழு போர்டாக, இணைப்புக் கம்பிகளோடு, மோட்டாரோடு அப்படியே வைத்திருக்கிறேன். அவ்வப்போது பிளாட்டரை மாட்டி ஓடவிடுவேன், சும்மா கிடந்தால் அந்தக் கெப்பாசிட்டர்களுக்கும் நல்லதல்ல. ஓடவிடும்போது சோதனைத் தட்டு போட முடியாது, கை முறிந்த மெஷின் ஆயிற்றே. அதற்கு நியான் விளக்குதான். மாலையில் புள்ளிகள் ஊர்ந்தால் பக்கத்தில் இருப்பதையும் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன்.